செஞ்சிலுவைக்குக் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது?

கேள்வி இதுதான்: செஞ்சிலுவைச் சங்கம் ஐ.நா.வின் கிளையா? அதை நடத்துவது யார், பணம் எங்கிருந்து வருகிறது? நாம் கொடுப்பதில் பாதி நிர்வாகச் செலவுக்கே போய்விடுகிறது என்கிறார்களே, பேசாமல் துணிமணியாக அனுப்பிவிட்டால் என்ன? எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். அமைப்பு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் பணத்தைப் பற்றி மட்டும் பேசினால் பார்ப்பதெல்லாம் சந்தேகமாகத்தான் தெரியும்.

ஐ.நா.வின் கிளை இல்லை. ஐ.நா. உருவானது 1945இல், செஞ்சிலுவை தொடங்கியது 1863இல். ஐ.நா. பொதுச் சபையில் அதற்குப் பார்வையாளர் இடம் உண்டு, அவ்வளவுதான். இதைவிட முக்கியமான விஷயம், செஞ்சிலுவை என்று ஒரே நிறுவனம் உலகத்தில் கிடையாது. அந்தப் பெயரின் கீழ் மூன்று வகை அமைப்புகள் இயங்குகின்றன. மூன்றுக்கும் தலைமை வேறு, விதிமுறை வேறு, வங்கிக் கணக்கும் வேறு. நாம் பணம் போடும்போது இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குத்தான் போடுகிறோம், பெரும்பாலும் எதற்கு என்று தெரியாமலே.

இந்தப் பிரிவினைக்கு விதை ஆரம்பத்திலேயே விழுந்துவிட்டது. 1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியில் சொல்ஃபெரினோ என்ற இடத்தில் பிரெஞ்சு, சார்டீனியப் படைகள் ஒரு பக்கமும் ஆஸ்திரியப் படை மறுபக்கமுமாகப் பெரிய போர் நடந்தது. தொழில் விஷயமாக அந்தப் பக்கம் போயிருந்த ஜெனீவாக்காரர் ஹென்றி டுனாண்ட், ஆயிரக்கணக்கான வீரர்கள் காயத்தோடு கவனிப்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்தார். பக்கத்து ஊரான காஸ்டிலியோனேவின் மக்களைத் திரட்டி, எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று பார்க்காமல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் வைத்தார். பிறகு 1862இல் அந்த அனுபவத்தை எழுதி வெளியிட்டபோது இரண்டு யோசனைகளை முன்வைத்தார். ஒன்று, ஒவ்வொரு நாட்டிலும் அமைதிக் காலத்திலேயே பயிற்சி பெற்ற தொண்டர் சங்கம் தயாராக இருக்க வேண்டும். இரண்டு, காயம்பட்டவர்களையும் அவர்களைக் கவனிப்பவர்களையும் தாக்கக் கூடாது என்று அரசுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் யோசனை வளர்ந்து இன்று 191 தேசியச் சங்கங்களாக நிற்கிறது. இரண்டாவது 1864இல் முதல் ஜெனீவா ஒப்பந்தமாகி, 1949இல் நான்கு ஒப்பந்தங்களாக விரிந்தது. அந்த இரண்டாவது யோசனையைக் காத்து நடத்தும் அமைப்புதான் ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச செஞ்சிலுவைக் குழு, அதாவது ஐசிஆர்சி. போர், உள்நாட்டு ஆயுத மோதல், போர்க் கைதிகள், காணாமல் போனவர்கள் எல்லாம் இதன் பொறுப்பு.

ஐசிஆர்சி அமைப்பு முறையில் விசித்திரமானது. சுவிட்சர்லாந்து சட்டப்படி அது ஒரு தனியார் சங்கம். அதன் பேரவையில் 15 முதல் 25 பேர் இருப்பார்கள், எல்லோரும் சுவிஸ் குடிமக்கள், புதிய உறுப்பினரைப் பழையவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். எந்த அரசுக்கும் அதில் ஓட்டு கிடையாது. இது ஜனநாயகமே இல்லையே என்று தோன்றும், நியாயமான கேள்விதான். ஆனால் அரசுகளுக்கு ஓட்டுரிமை கொடுத்தால் போரிடும் இரண்டு தரப்பும், அவர்களுடைய கூட்டாளிகளும் அந்த மேஜையில் வந்து உட்காருவார்கள், அதற்குப் பிறகு எதிர்த்தரப்பின் சிறைக்குள் இவர்களை யார் விடுவார்கள்? இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பழைய ஏற்பாடு இன்னும் வேலை செய்கிறது என்பது என் கருத்து.

சிறை என்று சொன்னதால் அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், பணக் கணக்கைப் புரிந்துகொள்ள இது உதவும். ஐசிஆர்சி பிரதிநிதி ஒரு சிறைக்குள் போவதற்கு முன் அதிகாரிகளிடம் சில நிபந்தனைகளுக்குச் சம்மதம் வாங்குகிறார்: அடைத்து வைத்திருக்கும் எல்லோரையும், அவர்கள் இருக்கும் எல்லா இடங்களையும் பார்க்க விட வேண்டும். கைதியோடு காவலர் இல்லாமல் தனியாகப் பேச விட வேண்டும். பெயர்களைப் பதிவு செய்துகொள்ள விட வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வர விட வேண்டும். பெயரைப் பதிவு செய்வது சாதாரணக் காரியமாகத் தெரியலாம், ஆனால் ஒருவர் உயிரோடு இந்த இடத்தில் இருந்தார் என்று வெளியாள் ஒருவரின் ஏட்டில் ஏறிவிட்டால் அவரைச் சத்தமில்லாமல் காணாமல் போக்குவது கடினம். பார்த்ததை அந்த அதிகாரிகளிடம் மட்டும்தான் சொல்வார்கள், பத்திரிகைக்குச் சொல்ல மாட்டார்கள். உள்ளே போக விடுவதற்கு ஐசிஆர்சி கொடுக்கும் விலை அந்த மௌனம். அந்த விலை சில சமயம் தாங்க முடியாத அளவுக்குப் போயிருக்கிறது. 1942 அக்டோபரில், யூதர்களுக்கு என்ன நடக்கிறது என்பது பற்றிய தகவல்கள் கையில் இருந்தும், பகிரங்கமாக எதுவும் சொல்வதில்லை என்று ஐசிஆர்சி முடிவெடுத்தது. தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி என்று அந்த அமைப்பே பின்னாளில் ஒப்புக்கொண்டது. நடுநிலைமையைப் பற்றி யார் பேசினாலும் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இரண்டாவது அமைப்பு, சர்வதேச செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் கூட்டமைப்பு, அதாவது ஐஎஃப்ஆர்சி. முதல் உலகப்போர் முடிந்ததும் 1919இல் பாரிஸில் தொடங்கியது, இப்போது இதுவும் ஜெனீவாவில்தான் இருக்கிறது. வெள்ளம், நிலநடுக்கம், புயல், தொற்றுநோய் என்றால் சர்வதேச உதவியை ஒருங்கிணைப்பது இவர்கள். மூன்றாவது வகை, 191 தேசியச் சங்கங்கள். சில நாடுகளில் சிலுவைச் சின்னம், சில நாடுகளில் பிறைச் சின்னம், மற்றபடி அந்தஸ்து ஒன்றுதான். ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம் மட்டுமே இருக்கலாம் என்பது விதி. நாட்டின் சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்டு, மனிதாபிமான வேலைகளில் அரசுக்குத் துணையாக நிற்க வேண்டிய கடமை இதற்கு உண்டு, அதே நேரத்தில் அரசின் கைப்பாவையாகவும் ஆகிவிடக் கூடாது. எழுதும்போது எளிதாக இருக்கிறது, நடைமுறையில் பல நாடுகளில் இந்தக் கோடு அழிந்து அழிந்து போகிறது.

உலகத் தலைமை ஏன் உள்ளூர்ச் சங்கங்களைத் தட்டிக் கேட்பதில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். கேட்க முடியும், ஆனால் கையில் இருக்கும் ஆயுதம் சிறியது. 2023இல் பெலாரஸ் செஞ்சிலுவையின் தலைவர், தன் நாட்டில் அணு ஆயுதம் வைப்பதை ஆதரித்துப் பேசினார், உக்ரைன் குழந்தைகள் பெலாரஸுக்குக் கொண்டு போகப்பட்டது பற்றியும் பகிரங்கமாகப் பேசினார். விசாரணை நடத்திய கூட்டமைப்பு, அவரை நீக்கும்படி நவம்பர் 30 வரை கெடு கொடுத்தது. அந்தச் சங்கம் நீக்கவில்லை, டிசம்பர் 1 முதல் அதன் உறுப்பினர் தகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த மனிதரைப் பதவியிலிருந்து தூக்கும் அதிகாரம் ஜெனீவாவுக்கு இல்லை. கூட்டமைப்பு என்பது உறுப்பினர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட சபை, உறுப்பினர்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் தலைமையகம் என்று நினைத்துக்கொண்டால் பல விஷயங்கள் புரியாமலே போகும்.

ஐசிஆர்சிக்கும் கூட்டமைப்புக்கும் யார் எதைப் பார்ப்பது என்று நீண்ட காலம் உரசல் இருந்தது. 1997இல் ஸ்பெயினின் செவில் நகரில் ஓர் உடன்பாடு போட்டார்கள், 2022இல் அதைத் திருத்தி அந்தந்த நாட்டுச் சங்கத்துக்குக் கூடுதல் முக்கியத்துவம் கொடுத்தார்கள். பொதுவாக நான்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடும் சர்வதேச மாநாட்டில் ஜெனீவா ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட அரசுகளும் வந்து உட்காரும், ஓட்டும் போடும். தொண்டு அமைப்பின் மாநாட்டில் அரசுகள் ஓட்டுப் போடுவதை வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது.

சரி, பணத்துக்கு வருவோம். ஐசிஆர்சிக்கு வரும் பணத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அரசுகள் கொடுப்பது, அதில் நீண்ட காலமாக அமெரிக்காதான் முதலிடம். எல்லாமே விரும்பிக் கொடுப்பது, எந்த அரசையும் இவ்வளவு கட்டு என்று கட்டாயப்படுத்த முடியாது. அதனால் பெரிய நாடுகள் சிலவற்றின் பட்ஜெட் சுருங்கினால் அடி நேராக இங்கே விழும். 2023இல் அதுதான் நடந்தது. வேலை விரிந்துகொண்டே போனது, வாக்குறுதிகள் அந்த அளவுக்கு வரவில்லை. 43 கோடி சுவிஸ் ஃபிராங்க் செலவைக் குறைக்க வேண்டியதாகி, சுமார் 1,800 பணியிடங்கள் போயின, உலகம் முழுக்க இருந்த 350 இடங்களில் 26ஐ மூடுவதாக அறிவித்தார்கள். மூடப்படுவது பெரும்பாலும் செய்தியில் வராத ஊர்களில் இருக்கும் அலுவலகங்கள். அங்கே சிறைக்கு யாரும் போகாமல் விட்டால் அதுவும் செய்தியில் வராது.

கூட்டமைப்புக்கு மூன்று வழிகளில் பணம் வருகிறது. உறுப்பினர் சங்கங்கள் கட்டும் சந்தா ஒன்று, தானாக வரும் நன்கொடைகள் ஒன்று, பேரிடர் வரும்போது விடும் வேண்டுகோளுக்குக் கிடைக்கும் பணம் இன்னொன்று. இதற்கெல்லாம் அடியில் அவசர நிதி ஒன்று இருக்கிறது, சுருக்கமாக டிரெஃப் என்பார்கள், 1985இல் தொடங்கியது. என்னைக் கேட்டால் இந்த வலைப்பின்னல் முழுவதிலும் மிகச் சிறப்பான ஏற்பாடு இதுதான். பெரிய நிலநடுக்கத்துக்குக் கேமராவும் வரும், பணமும் வரும். நாலு மாவட்டத்தில் வெள்ளம், முந்நூறு பேருக்குக் காலரா என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த நாட்டுச் சங்கம் ஒரு திட்டத்தோடு விண்ணப்பம் போட்டால், முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும் இந்த நிதியிலிருந்து மிகச் சீக்கிரமாகவே பணம் ஒதுக்கப்படுகிறது. நன்கொடை திரட்டும் விளம்பரம் வரும்வரை யாரும் காத்திருக்கத் தேவையில்லை. சிறிய பேரிடர் என்றால் இது மானியம், பெரியது என்றால் கடன், பின்னால் வேண்டுகோளுக்குப் பணம் வந்ததும் நிதிக்குத் திருப்பிவிட வேண்டும். 2018இலிருந்து இன்னும் ஒரு படி மேலே போய், பேரிடர் வருவதற்கு முன்பே பணம் விடும் வசதியும் சேர்ந்தது. ஆற்று நீர்மட்டம் இன்ன அளவைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால், கூட்டம் போட்டு முடிவெடுக்காமல், ஏற்கனவே எழுதி வைத்த திட்டப்படி பணம் கிளம்பிவிடும். வங்கதேசத்தில் செம்பிறைச் சங்கம் 2017இலேயே இதைச் சோதித்துப் பார்த்திருந்தது, ஜமுனா ஆற்று வெள்ளம் உச்சத்துக்கு வரும் முன்பே குடும்பங்களின் கையில் ரொக்கம் கொடுத்தது. ஆட்டையும் மாட்டையும் அவசரத்தில் அடிமாட்டு விலைக்கு விற்காமல் மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக அந்தப் பணம் போதும். வெள்ளம் வடிந்த பிறகு அதே தொகையைக் கொடுத்தால் இந்தப் பலன் கிடையாது.

தேசியச் சங்கங்களின் வரவு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்கச் செஞ்சிலுவைக்கு வருமானத்தில் பெரும்பகுதி ரத்த சேவையிலிருந்து வருகிறது, அந்த நாட்டின் ரத்தத் தேவையில் சுமார் 40 சதவீதத்தை அது கொடுக்கிறது. ஜெர்மனியில் ஆம்புலன்ஸ், முதியோர் இல்லம், மழலையர் பள்ளி எல்லாம் நடத்துகிறார்கள். ஏழை நாடுகளில் முதலுதவிப் பயிற்சிக் கட்டணமும் வெளிநாட்டுத் திட்டப் பணமும்தான் கதி, திட்டம் முடிந்தால் கணக்காளருக்குச் சம்பளம் கொடுக்கவே ஆள் இருக்காது.

எவ்வளவு பணம் வருகிறது என்பதைவிட அது எப்படிக் கட்டப்பட்டு வருகிறது என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இந்த நாட்டுக்கு மட்டும், இந்த மாவட்டத்துக்கு மட்டும், கூடாரத்துக்கு மட்டும், இந்தத் தேதிக்குள் மட்டும் என்று நிபந்தனையோடு வரும் பணம் கையில் இருந்தும் இல்லாத மாதிரி. செய்தியில் இருக்கும் ஒரு போருக்குப் பெட்டி நிரம்பி வழியும், பக்கத்துக் கண்டத்தில் பத்து வருடமாக நடக்கும் இன்னொரு போருக்குக் காலியாக இருக்கும், இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஒரு ரூபாய் மாற்ற முடியாது. இதைக் கொடுப்பவர்களும் அறிவார்கள். 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில் பெரிய கொடையாளி அரசுகளும் நிவாரண அமைப்புகளும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள்: 2020க்குள் 30 சதவீதப் பணம் நிபந்தனை இல்லாமலோ தளர்வான நிபந்தனையோடோ வரவேண்டும், 25 சதவீதம் முடிந்தவரை நேராக அந்தந்த நாட்டு, உள்ளூர் அமைப்புகளுக்குப் போக வேண்டும். 2020 வந்து போய்விட்டது. உள்ளூருக்கு நேராகப் போகும் பங்கு இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை.

இந்த உள்ளூர் விஷயம் எனக்கு மனதை உறுத்துகிறது. 1.6 கோடிக்கும் அதிகமான தொண்டர்கள்தான் இந்த வலைப்பின்னலின் உடம்பு, குண்டு விழும்போது முதலில் ஓடுவதும் அவர்கள்தான். 2025 மார்ச்சில் காசாவின் ரஃபாவில் பாலஸ்தீன செம்பிறையின் 8 மருத்துவப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். காயம்பட்டவர்களைத் தேடிப் போன ஆம்புலன்ஸ்காரர்கள். ஆபத்தை ஏற்பவர் உள்ளூர்க்காரர், ஆனால் பணமோ பல கை மாறி, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் குறைந்து, கடைசியில் அவரிடம் வருகிறது.

அந்தக் குறைப்புதானே நிர்வாகச் செலவு என்று கேட்பீர்கள். கூட்டமைப்பு தன் வழியாகப் போகும் திட்டப் பணத்தில் பொதுச் செலவுக்காக 6.5 சதவீதம் எடுக்கிறது, பாதி என்று சொல்லப்படுவதற்கு ஆதாரமே இல்லை. ஆனால் சதவீதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடை போடாதீர்கள். மேலே சொன்ன சிறைப் பிரதிநிதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மூட்டையோ கூடாரமோ எதுவும் இறங்கவில்லை, சம்பளம், மொழிபெயர்ப்பாளர், வண்டி, பயணப்படி, இவ்வளவுதான் செலவு. அந்த மனிதர்தான் அங்கே உதவியே. அதேபோல 1914இல் ஜெனீவாவில் போர்க் கைதிகளைத் தேடித் தரும் நிலையம் தொடங்கி, சுமார் 70 லட்சம் அட்டைகளில் பெயர் எழுதி வைத்தார்கள். எழுத்தர் வேலைதான். தன் மகன் இருக்கிறானா இல்லையா என்று ஒரு தாய்க்குத் தெரியவந்தது அந்த எழுத்தர் வேலையால்.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை நடந்த எபோலா நிவாரணத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் மோசடியில் போனதாக 2017இல் கூட்டமைப்பே வெளியிட்டது. சுங்கத்தில் பொய் பில், பொருளுக்கு ஏற்றிய விலை, வங்கி ஊழியரோடு கூட்டு. இதைத் தடுக்க என்ன வேண்டும்? தணிக்கையாளர், கணக்காளர், கொள்முதல் பார்ப்பவர். அவர்கள் எல்லோருமே நிர்வாகச் செலவுக் கணக்கில் வருபவர்கள். அங்கே கஞ்சத்தனம் காட்டினால் திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும். இன்னொரு பக்கம், 2010 ஹைதி நிலநடுக்கத்துக்கு அமெரிக்கச் செஞ்சிலுவை 48 கோடி டாலருக்கு மேல் திரட்டியது, கட்டிய நிரந்தர வீடுகள் ஆறுதான் என்று 2015இல் அமெரிக்கச் செய்தி நிறுவனங்களான புரோபப்ளிகாவும் என்பிஆரும் வெளியிட்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வேறு வகையில் இருப்பிட உதவி செய்தோம் என்றது சங்கம். பணம் ஒரே நாளில் குவிந்தாலும், வீடு கட்ட அங்கே தெளிவான நிலப் பத்திரமும் இல்லை, வேலை தெரிந்த உள்ளூர் ஆட்களைச் சங்கம் பயன்படுத்திக்கொள்ளவும் இல்லை. அதனால் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் வேறு: எத்தனை சதவீதம் மற்ற அமைப்புகளுக்குக் கைமாறுகிறது, தணிக்கை அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்க முடிகிறதா, தவறு நடந்தபோது அவர்களே வெளியில் சொன்னார்களா?

எதற்குக் கொடுப்பது? போரும் சிறையும் காணாமல் போனவர்களும் உங்கள் கவலை என்றால் ஐசிஆர்சிக்கு. செய்தியில் வராத பேரிடர்கள் என்றால் கூட்டமைப்பின் டிரெஃப் நிதிக்கு. குறிப்பிட்ட நாடு என்றால், அந்த நாட்டுச் சங்கம் நேராகப் பணம் வாங்க முடிகிற நிலையில் இருந்தால், அதற்கே. எங்கே கொடுத்தாலும், குறிப்பிட்ட நிகழ்வுக்கு என்று டிக் செய்யாமல், தேவைப்படும் இடத்துக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிறிய தொகையாக இருந்தாலும் மாதாமாதம் வருவது அவர்களுக்கு ஒரே தடவையாக வருவதைவிடப் பயன்படும், ஆள் எடுக்கவும் திட்டம் போடவும் முடியும்.

துணிமணி அனுப்ப வேண்டாம். துபாய், பனாமா, கோலாலம்பூர் கிடங்குகளில் கூட்டமைப்பு தயாராக அடுக்கி வைத்திருக்கும் பொருட்களுக்கு அளவு உண்டு, தரம் உண்டு. ஒரு குடும்பத்துக்கான இருப்பிடப் பொதியில் 4க்கு 6 மீட்டர் தார்ப்பாய் இரண்டு, கயிறு, மண்வெட்டி, ரம்பம், சுத்தியல், ஆணி இருக்கும், எந்த நாட்டில் பிரித்தாலும் அதேதான் இருக்கும். நாம் கட்டி அனுப்பும் மூட்டையில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே அங்கே பத்துப் பேர் வேண்டும், நிவாரண விமானம் இறங்க வேண்டிய இடத்தில் அது கிடக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேவில் காலாவதியானவை, அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் சீட்டு ஒட்டியவை என்று மருந்துகள் மலைபோல் குவிந்தன, அவற்றை அழிக்கத் தனியாகப் பணம் தேட வேண்டியிருந்தது. பொருளாகத்தான் கொடுப்பேன் என்று மனம் சொன்னால் ரத்தம் கொடுங்கள். சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்தான் வைத்திருக்க முடியும், பிளேட்லெட் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது, எனவே பேரிடர்ச் செய்தி கேட்டு எல்லோரும் ஒரே நாளில் வரிசையில் நிற்பதைவிட, எந்தச் செய்தியும் இல்லாத நாளில் போய்க் கொடுத்துவிட்டு, இடைவெளி முடிந்ததும் மறுபடி போவதுதான் அவர்களுக்கு வசதி.